சீட்டில் விழுந்த பக்கம்

1

"ஏளா, வாசிக்க நல்லாத்தான் வாசிக்க. ஒனக்குன்னு சொந்தமா ஒரு கருத்து என்னைக்காவது வருமா?"

வேலாயுதம் அண்ணாச்சி இதைக் கேட்டபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். கையில் பத்திரிகை, எதிரே அப்பாவின் டீக்கடைக் கூட்டம். அண்ணாச்சிக்கு ஊரில் உரக்கடை உண்டு, ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பும் உண்டு. இரண்டு இடத்திலும் அவர் வைத்ததுதான் விலை.

ஏரலிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சாலையில் எங்கள் கடை இருக்கிறது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய், முடித்து, கல்லூரியையும் முடித்த முதல் ஆள் நான். இதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வராது.

கடைக்கு இரண்டு பத்திரிகை வாங்குவோம். ஒன்று ஆளும் கட்சிக்கு வேண்டியது, மற்றது எதிர்க்கட்சிக்கு வேண்டியது. அப்பா கருத்துச் சுதந்திரத்துக்காக இரண்டு வாங்கவில்லை. ஒன்றை நிறுத்தினால் பாதி பெஞ்சு காலியாகிவிடும். காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் இரண்டையும் உரக்க வாசித்துவிட்டுப் போவது என் வேலை. ஒரே பொதுக்கூட்டம் ஒன்றில் 'கடலெனத் திரண்ட மக்கள்' என்று இருக்கும். மற்றதில் 'காற்று வாங்கிய நாற்காலிகள்' என்று இருக்கும். இரண்டிலும் படம் உண்டு, இரண்டு படமும் உண்மை. ஒன்று தலைவர் வந்த பிறகு எடுத்தது, இன்னொன்று அவர் வருவதற்கு முன்னால் எடுத்தது.

"ரெண்டையும் ஒரே சத்தத்துல வாசிளா," என்பார் அப்பா. "ஒண்ணுக்குக் கூடச் சத்தம் குடுத்தேன்னா பாதிப் பேரு கோவிச்சுக்கிட்டுப் போயிருவான்."

கடைச் சுவரில் 'இங்கே அரசியல் பேசக் கூடாது' என்று ஒரு பலகை தொங்கும். அப்பாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. வாடிக்கையாளர்களுக்கு வாசிக்கத் தெரியும். பலனில் ஒரு வித்தியாசமும் இல்லை.

2

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கன்டெய்னர் ஆவண வேலை பார்த்தேன். இப்போது நெதர்லாந்தில், ராட்டர்டாம் துறைமுகத்தில் அதே வேலை பார்க்கிறேன். இங்கே கிரேன்கள் பெரியவை, டீ சின்னது.

வந்து ஐந்து ஆண்டு முடிந்த வாரம் நகராட்சியிலிருந்து ஓர் உறை வந்தது. நகரசபைத் தேர்தலில் நானும் வாக்களிக்கலாமாம். குடியுரிமை தேவையில்லை, ஐந்து ஆண்டு முறையாக வசித்திருந்தால் போதும். இந்தியக் குடிமகளான நான் என் ஊரில் ஓட்டுப் போட விமானம் ஏற வேண்டும். குடியுரிமை இல்லாத ஊரில் சைக்கிளில் போய்ப் போட்டுவிட்டு வரலாம்.

உறையின் மேல் 'திருமதி சுடலைமுத்து' என்று இருந்தது. சுடலைமுத்து என் அப்பா. முதலாண்டில் பெயர்ப் பதிவின்போது எது குடும்பப் பெயர் என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை என்றேன். அப்படி ஒரு பதிலுக்கு அவர்கள் கணினியில் இடமில்லை. அப்பா பெயரைப் போட்டுக்கொண்டார்கள். அதிலிருந்து நகராட்சி, வரித்துறை, நூலகம் எல்லாம் அப்பாவைத் திருமதி என்றே அழைக்கின்றன. போனில் சொன்னபோது அவர் பதறினார். "எனக்கா எழுதுதான்? என்ன வேணுமாம்?"

தேர்தல் நெருங்கினால் இங்கே தெருமுனையில் பெரிய பலகை ஒன்றை நிறுத்துகிறார்கள். எல்லாக் கட்சிச் சுவரொட்டியும் அதில்தான். ஒரே அளவு, பக்கத்தில் பக்கத்தில். முதல் தடவை நான் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டவில்லை. யார் கண்ணையும் தோண்டவில்லை. சாணி இல்லை. தேர்தல் நடக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அலுவலகத்தில் மதியச் சாப்பாடு ரொட்டியும் சீஸும். எதிரே யோஸ்ட், பக்கத்தில் மார்லிஸ். யோஸ்டின் அண்ணன் பால் பண்ணை வைத்திருக்கிறார். மண்ணும் நீரும் கெடுகின்றன என்று மாட்டுப் பண்ணைகளைக் குறைக்க அரசு திட்டம் போட, நாடே இரண்டாக நின்று சண்டை போட்டது. ஒருநாள் மார்லிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, "உன் அண்ணன் பண்ணையை மூடத்தான் வேண்டும்," என்றாள். "முட்டாள்தனமாகப் பேசுகிறாய்," என்றான் யோஸ்ட். நான் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், ஓட வேண்டியிருந்தால் எடுக்க. "அந்த வெண்ணெயை இப்படித் தள்ளு," என்றான் அடுத்ததாக. அவள் தள்ளினாள்.

அரசுத் தொலைக்காட்சி மார்லிஸ் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யோஸ்ட் நம்புகிறான். அது பண்ணைக்காரர்களுக்குப் பயந்து கிடக்கிறது என்று மார்லிஸ் நம்புகிறாள். இதைக் கேட்டபோதுதான் எனக்கு இந்த ஊர் பழகத் தொடங்கியது.

இவர்களிடமும் பேசாத இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டாரைக் குறைப்பது பற்றிய பேச்சு வந்தால் இருவரும் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார்கள். "உன்னைச் சொல்லவில்லை," என்பான் யோஸ்ட். என்னையும் சேர்த்தே சொல், என்னிடம் பதில் இருக்கிறது என்று சொல்ல ஆசைதான். டச்சு வாக்கியத்தில் வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று நான் முடிவு செய்வதற்குள் அவர்கள் மழையைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள்.

3

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அரசியல் கூடாது. வாட்ஸாப் குழுவின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. பொங்கல் பட்டிமன்றத்தின் தலைப்பு ஆண்டுதோறும் குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா என்பதுதான். நான் வந்ததிலிருந்து கணவன் ஒரு தடவையும் ஜெயிக்கவில்லை. பொங்கல் சமையலை யார் செய்கிறார்கள் என்பது நடுவருக்குத் தெரியும்.

இந்த முறை நாங்கள் சிலர் வேறு கேட்டோம். நாட்டில் எல்லாரும் சண்டை போடுகிற ஒன்றை நாம் ஏன் உட்கார்ந்து பேசக் கூடாது? தொகுதி மறுவரையறையை எடுத்துக்கொள்வோம் என்றோம். நாடாளுமன்றத்தில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது பழைய மக்கள்தொகைக் கணக்கில் உறைந்து கிடக்கிறது. இன்றைய கணக்குப்படி பிரித்தால், பிள்ளைப்பேற்றைக் குறைத்த தெற்கின் பங்கு சுருங்கும், வடக்கின் பங்கு பெருகும். பிரிக்காவிட்டால் வடக்கே ஓர் உறுப்பினருக்குப் பின்னால் அதிகப் பேர், அதனால் ஒவ்வொரு ஓட்டுக்கும் எடை குறைவு. ஊரில் இதைப் பற்றிக் கருத்தில்லாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான்.

சங்கத் தலைவர் ராகவன் சார் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யாருக்கு எந்தப் பக்கம் விழுதோ அதைத்தான் பேசணும். அப்போ நாளைக்கு இது இன்னார் கருத்துன்னு எவரும் சொல்ல முடியாது பாருங்க."

எனக்கு விழுந்த சீட்டு: மக்கள்தொகைப்படி பிரிப்பதே நியாயம். நான் விரும்பியது மற்றதை. நமக்கு இடம் குறையக் கூடாது என்பதுதான் என் எண்ணம், இன்றும் அதுதான். ஆனால் சீட்டு சீட்டுதான். ட்ராமில் போகும்போதும் வரும்போதும் தயார் செய்தேன். அப்போது ஒரு வாதம் அகப்பட்டது. அதற்குப் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. அதையே பேசினேன்:

"எங்கள் ஊர் டீக்கடையில் என் அம்மா இருக்கிறாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்காக அவள் ஓட்டை யாரும் அரை ஓட்டாக எண்ணுவதில்லை. வடக்கே ஒரு கிராமத்தில் இருப்பவளும் என் அம்மா மாதிரிதான். அவளைப் பள்ளிக்கு அனுப்பாதது அவள் அரசாங்கம். அந்தக் குற்றத்துக்கு அவள் ஓட்டை ஏன் இளைக்க வைக்கிறோம்?"

எதிரணியில் பேசிய பெண் சும்மா விடவில்லை. "குடும்பத்தைக் கட்டுப்படுத்து என்று சொன்னது டெல்லி. கேட்டோம். சொன்ன பேச்சைக் கேட்டதற்குத் தண்டனையா?" என்றாள். நானே கை தட்டினேன். மண்டபத்தில் சூடு ஏறியது. பின்னால் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி ஓடிவந்து, இவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று தன் அம்மாவிடம் டச்சில் கேட்டாள். "சண்டை இல்லடா, தமிழ்," என்றாள் அந்த அம்மா.

நடுவராகவும் இருந்த ராகவன் சார், தீர்ப்பை மக்களின் மனசாட்சிக்கே விடுவதாகச் சொல்லி, சாப்பாடு தயார் என்று அறிவித்தார். இரு அணியும் ஒன்றாகப் போய் வரிசையில் நின்றோம்.

4

பிறகு சங்கம் ஒரு காரியம் செய்தது. கெட்ட எண்ணமே இல்லாமல் செய்தது. ஊரில் இருக்கும் பெற்றோர் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொருவர் பேச்சையும் தனித்தனியாக வெட்டி, பெயர் போட்டு, பூப்படம் வைத்து அனுப்பியது. வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் எல்லாமே செய்வதுதான். ஆண்டுவிழாவில் எந்தத் தாயும் தன் பிள்ளை வரும் பாட்டை மட்டும்தான் பார்க்கிறாள். என் துண்டில் சீட்டு இல்லை, எதிரணி இல்லை, கைதட்டல் மட்டும் இருந்தது. பல பேர் பிறகு பல விதமாக வெட்டினார்கள். முதல் வெட்டு நாங்கள் வெட்டியது.

நான் அதை அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் கடையில் போட்டார்.

"எல்லாரும் கேக்கட்டும்னு சத்தத்தக் கூட்டி வச்சேன் தாயி," என்றார் பிறகு.

"என்ன பேசுதேன்னு கேட்டீங்களாப்பா?"

"நீ பேசுதத கேட்டேன். என்ன பேசுதன்னு எதுக்குக் கேக்கணும்?"

பெஞ்சில் இருந்த யாரோ அதைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டார். அடுத்து நடந்ததை எழுதக் கை கூசவில்லை, சலிப்பாக இருக்கிறது. ஒரு காணொளிச் சேனல் 'வெளிநாட்டுச் சொகுசில் தமிழ்நாட்டைக் காட்டிக்கொடுத்த பெண்' என்று போட்டது. எனக்குப் பின்னால் ஒரு விமானத்தின் படம். எதிர்த் தரப்புச் சேனல் ஒன்று 'தமிழகத்தின் முகத்துக்கு நேரே உண்மை சொன்ன வீரத் தமிழச்சி' என்று போட்டது. எனக்குப் பின்னால் ஒரு சிங்கம். இரண்டும் ஒரே துண்டு. இரண்டிலிருந்தும் யாரும் என்னை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் விமானத்திலும் இல்லை, சிங்கத்தின் பக்கத்திலும் இல்லை. அன்று முழுக்க ஒரு கன்டெய்னர் வாழைப்பழத்துக்கு ஆவணம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டியவர்களால் வந்த சேதம் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. பாராட்டியவர்கள்தான் கடைக்கு வந்தார்கள். வெளியூரிலிருந்து கார் போட்டு வந்து அப்பாவுக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். அப்பா யார் போர்த்தினாலும் கும்பிடுவார். அந்தப் படமும் சுற்றியது. அதைப் பார்த்து அண்ணாச்சியின் ஆட்கள் ஒரே காலையில் மொத்தமாக எழுந்து எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்விட்டார்கள். தங்கள் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு.

கடை திறந்த நாளிலிருந்து இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பாய்லரிலிருந்து டீ குடித்த இடம் அது. அங்கே பேசித் தீர்ந்த வரப்புச் சண்டைகள் உண்டு, கல்யாணங்கள் உண்டு. இப்போது சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. நடுவில் பஸ் போகிறது.

5

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே கூப்பிட்டாள். தொகுதி, தெற்கு, வடக்கு என்று விளக்க நான் தயாராக இருந்தேன்.

"என்னைய எதுக்குளா இழுத்த?" என்றாள்.

"எம்மா, அது ஒரு உதாரணத்துக்கு..."

"எழுதப் படிக்கத் தெரியாதவன்னு ஒலகம் பூராச் சொல்லியிருக்க. ரேசன் கடையில ஒருத்தி சிரிக்கா. நான் என்ன ஒன்னயப் படிக்க வைக்காமலா விட்டேன்?"

எத்தனையோ பேர் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மன்னிப்புக் கேட்டேன், அது அம்மாவிடம். வேறு யாரிடமும் கேட்கவில்லை.

"சரி சவத்த விடு," என்றாள் கடைசியில். "சாப்ட்டியா?"

6

அடுத்து வேலாயுதம் அண்ணாச்சி வீடியோ அழைப்பில் வந்தார். பின்னால் யூரியா மூட்டைகள்.

"ஏளா செல்வி, நல்லா இருக்கியா? அங்கன குளிரு எப்படி?"

"இருக்கேன் அண்ணாச்சி. குளிருதான்."

"நாட்ட வித்தது போக மிச்ச நேரத்துல என்ன செய்யுத?"

"ஆபீசுக்குப் போறேன் அண்ணாச்சி."

"நக்கலு கொறையல. சரி, கேளு. ஒங்கப்பனப் பாக்கப் பாவமா இருக்கு. ஒரு நிமிசம் வீடியோ போடு. சீட்டுல விழுந்துச்சு, பேசுனேன், அது என் கருத்து கெடையாது. அம்புட்டுத்தான். மறுநாளே நம்ம பயலுவள நானே கூட்டிட்டு வந்து ஒங்க கடையில உக்காத்தி வைக்கேன்."

எளிய வழி. பொய்யும் முழுப் பொய் இல்லை. அந்த ஒரு நிமிடத்தை நான் பேசியிருந்தால் அப்பாவின் பெஞ்சு மறுநாளே நிறைந்திருக்கும். அதை நினைத்துக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

"பாதிதான் அண்ணாச்சி என் கருத்து கெடையாது."

"மிச்சப் பாதி?"

"அது என் கருத்துதான். நமக்கு எடம் கொறையக் கூடாது. அதுக்காக அங்க இருக்கவ ஓட்டு எளைக்கவும் கூடாது. ரெண்டுக்கும் சேத்து ஒரு வழி கண்டுபிடிக்கணும்."

"பாதிக் கருத்துக்கு எந்தக் கட்சிளா இருக்கு? மனுசன் ஒரு பக்கம் நிக்கணும். நீ சாலைக்கு நடுவுல நிக்க. பஸ்ஸு அடிச்சிரும்."

"முழுப் பட்டிமன்றத்தையும் பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? வேண்டியத வெட்டித்தான அனுப்புதாக."

பிறகு அவர் கிண்டலை நிறுத்தினார். "நீ ஓட்டுப் போடக்கூட வார கெடையாது. நம்மூரு வாய்க்கா தூர்ந்து கெடந்தா எம்பிகிட்டப் போயி நிக்கிறது யாரு? நானு. மீன்காரனுக்கு டீசலு கெடைக்கலன்னாலும் நான்தான் போறேன். இருக்க எம்பியே டெல்லியில போயி கத்துனா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். எடமும் கொறஞ்சுதுன்னா அந்தக் கத்தலும் கெடையாது. அதுதாம்ளா எனக்குப் பயம். வடக்க இருக்கவ மேல எனக்கு என்ன கோவம்?"

நான் பார்த்த எந்தச் சேனலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அவர் கட்சியின் பத்திரிகையும் சொல்லவில்லை. அதில் நான்தான் பெரிய எழுத்தில் இருந்தேன்.

"இத எல்லாரு முன்னாலயும் சொல்லுவீங்களா அண்ணாச்சி?"

"சொல்லாம?"

"அப்ப ஒரு மேடை போடுவோம். நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஊர்க்காரங்க கேக்கட்டும்."

"சீட்டு எடுக்கச் சொல்லுவியோ? கட்சியில இருக்கவன் எதிர்ப்பக்கத்துச் சீட்டு எடுத்துப் பேசுனான்னா வீட்டுக்கு வந்து சேர முடியாது, தெரியும்லா?"

"சீட்டு வேண்டாம். ஒங்க பக்கத்த நீங்களே எடுத்துக்கோங்க. நான் சொன்ன பாதிய நானே சொல்லுதேன். ஒங்க கட்சி ஆளு ஒருத்தன், அந்தக் கட்சி ஆளு ஒருத்தன், ரெண்டு பேரும் போன்ல படம் புடிச்சு மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் வெட்டாம நேரலையா விடணும். நடுவர் கெடையாது."

"நடுவர் இல்லாம எப்படிளா தீர்ப்பு?"

"தீர்ப்பு எதுக்கு அண்ணாச்சி?"

அவர் தலையைச் சொறிந்தார். "நீ போன்லதான பேசுவ. கரண்டு போச்சு, நெட்டு போச்சும்ப."

"நேர்ல வாரேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. திரும்பி யூரியா மூட்டைகளைப் பார்த்தார். "வந்து பாரு," என்றார். சரி என்று சொல்ல அவருக்கு அதுதான் வார்த்தை.

அப்பா கடைசி வரை சம்மதிக்கவில்லை. "என்னத்துக்குளா வம்பு? இருக்க பாதியும் போயிருச்சுன்னா?" என்றார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. போகவும் கூடும். போனால் அது நான் உண்மையாகவே சொன்ன ஒன்றுக்காகப் போகட்டும் என்றேன். "நான் மேடைக்கெல்லாம் வர மாட்டேன். டீ போடுதேன்," என்றார்.

அலுவலகத்தில் விடுப்புக் கேட்டபோது யோஸ்ட் காரணம் கேட்டான். அப்பாவின் வாடிக்கையாளரோடு நாடாளுமன்ற இடப் பங்கீடு பற்றி வாதம் செய்ய ஊருக்குப் போகிறேன் என்றேன். "போனில் பேசக் கூடாதா?" என்றான். இந்த முறை வினைச்சொல் சரியான இடத்தில் விழுந்தது. "கூடாது," என்றேன்.

7

டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு சேனலுக்கும் அழைப்பு அனுப்பினேன், இரண்டும் பதில் போடவில்லை. கூட்டத்துக்கு அனுமதி கேட்டுக் காவல் நிலையத்துக்கு மனு எழுதி அனுப்பினேன், அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நேற்று ஏரலில் ஒரு கல்யாண மண்டபத்தை அழைத்தேன். மேலாளர் பேசினார்.

"என்ன விசேசம்மா? கல்யாணமா, சடங்கா?"

"பேச்சு. பொதுப் பேச்சு."

"பேச்சுன்னா? நிச்சயம் பேசுததா?"

"இல்ல சார். தொகுதி மறுவரையறை."

"யாரு பேசுதா?"

"உரக்கடை வேலாயுதம் அண்ணாச்சியும் நானும்."

"நீங்க யாரு?"

"முத்துச்செல்வி. சுடலைமுத்து மக."

"ஓ," என்றார். என்னைப் பார்த்திருக்கிறார், விமானத்தோடோ சிங்கத்தோடோ. "ரெண்டு கட்சிக்காரனும் வருவாம்லா? பந்தி உண்டுமா?"

"உண்டு."

"ரெண்டு பந்தியா தனித்தனியாப் போட்டுரட்டுமா? அதான் பத்திரம்."

"ஒண்ணாவே போடுங்க சார்," என்றேன். அவர் மண்டபத்தை என் பெயரில் பதிந்துகொண்டார்.